பாழடைந்த குளமும் இரண்டு வயதுப் பிள்ளையும்

நாங்கள் குடிவந்த வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு சிமெண்ட் குளம் இருக்கிறது. நீளம் 5 மீட்டர், அகலம் மூன்றரை மீட்டர் வரும். நடுவில் இடுப்பளவு ஆழம். முன்பு இருந்தவர்கள் ஆசை ஆசையாகக் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் வயதாகி, பார்க்க ஆளில்லாமல் பல வருடம் அப்படியே கிடந்துவிட்டது. நாங்கள் வந்தபோது தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மேலே வெங்காயத்தாமரை அடர்ந்து மூடிக் கிடந்தது, ஓரமெல்லாம் சம்புப்புல், நடுவில் யாரோ எப்போதோ போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. புதிதாக வருகிற யாரும் அதைப் புல்தரை என்று நினைத்துக் கால் வைத்துவிடலாம். எங்கள் சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது. பெரியவளுக்கு ஏழு.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: நாலு வண்டி மண் கொட்டி மூடிவிடுங்கள். என் கணவருக்கும் முதலில் அந்த எண்ணம்தான். எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலமானால் அந்தச் செடிகளுக்கு அடியிலிருந்து தவளைச் சத்தம் வரும். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, குளக்கரையில் வளர்ந்தவர். “தண்ணி இருக்கட்டும்மா, முதல்ல வேலியப் போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்” என்றார். அந்த வரிசையைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். பழைய குளத்தோடு வீடு கிடைத்திருக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று, நாங்கள் செய்ததையும் கற்றதையும் எழுதுகிறேன்.

முதலில் குழந்தை. தண்ணீரில் விழுந்த சின்னக் குழந்தை கத்தும், தண்ணீர் தெறிக்கும், நாம் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்குப் போராடும் பிள்ளையால் கத்த முடியாது, கையை ஆட்டிக் கூப்பிட முடியாது. தலை கனமாக இருக்கும் வயது என்பதால் குப்புற விழுந்தால் தானாக எழவும் முடியாது. முகம் மூழ்குமளவுக்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குக் கீழே. இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் சுத்தம் செய்வதற்கு முன்பே, குளம் அசிங்கமாக இருக்கும்போதே, வேலி வந்தது. வேலி வைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகள் நெட்டுவாக்கில் இருக்க வேண்டும்; குறுக்குக் கம்பி இருந்தால் அது பிள்ளைக்கு ஏணி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும், தரைக்கும் வேலிக்கும் இடையே உள்ள சந்தும் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கதவு குளத்திலிருந்து வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், விட்டால் தானே மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஸ்பிரிங் வைத்த கீல் போட்டோம். கொண்டி உயரத்தில், 1.5 மீட்டரில். கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது: வேலிக்குப் பக்கத்தில் பூந்தொட்டி, வாளி, ஸ்டூல், மிதிவண்டி எதுவும் நிற்கக் கூடாது. சுமார் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறி நிற்க வாகாக ஒன்றுமே இருக்கக் கூடாது. எங்கள் சின்னவன் தலைகீழாகக் கவிழ்த்த வாளியை இழுத்து வந்து ஜன்னல் எட்டிப் பார்க்கிறவன். அவனைப் பார்த்துத்தான் இந்த விதியின் அருமை எனக்குப் புரிந்தது.

இந்த அளவுகளில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. குழந்தையைத் தடுக்கும் அந்தப் பத்து சென்டிமீட்டர் சந்தில் தவளையும் தேரையும் ஓணானும் தாராளமாகப் போய் வரும். கீழே செங்கல் வைத்து அடைக்க வெல்டிங்காரர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்று சொல்லி அப்படியே விடச் சொன்னேன்.

வேலி போட இடமில்லாதவர்கள் தண்ணீருக்கு மேல் இரும்புக் கிராதி போடலாம். கட்டங்கள் 8 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது. பிள்ளை மேலே ஏறி நின்றாலும் வளையாத கனம் வேண்டும். மழையில் நீர்மட்டம் ஏறினாலும் கிராதி தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். கம்பி தண்ணீருக்குள் இருந்தால், விழுந்த பிள்ளையின் முகம் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். போட்டதற்குப் பிரயோஜனமே இல்லை. நைலான் வலையை மட்டும் விரித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். வலை பிள்ளையின் எடையைத் தாங்காது, அதோடு சேர்ந்து உள்ளே போகும். தவளை, பாம்பு, பறவை எல்லாம் அதில் சிக்கி உயிரை விடும்.

சரி, வேலி வந்தாயிற்று. உடனே மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்றார் என் கணவர். அத்தை தடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இறைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, ஒரு பழைய சல்லடை, இவ்வளவுதான் கருவிகள். ஓரத்துச் செடி வேரோடு கொஞ்சம் சேற்றை அள்ளித் தட்டில் போட்டு, மேலே கொஞ்சம் குளத்துத் தண்ணீரையே ஊற்றி, அசையாமல் உட்கார்ந்திருந்தோம். முதலில் கறுப்புச் சகதிதான் தெரிந்தது. சேறு அடியில் படியப் படிய ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தது. கடுகளவு நத்தைகள். மல்லாக்கப் படுத்து, இரண்டு கால்களைத் துடுப்பு மாதிரி வீசி நீந்தும் ஒரு பூச்சி. வாலில் இலை போல மூன்று செவுள் வைத்த ஊசித்தட்டான் குஞ்சு. அப்புறம் ஒரு மூலையில், காய்ந்த இலைத் துண்டு என்று நான் நினைத்தது திடீரென்று பின்பக்கத்தால் தண்ணீரைப் பீய்ச்சி ஒரு விரற்கடை முன்னால் பாய்ந்தது. அது தட்டான் குஞ்சு. பெரியவள் ஒரு குச்சியின் நுனியால் ஒரு கொசுப்புழுவை அதன் பக்கமாக நகர்த்தினாள். முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த நீண்ட தாடை நொடியில் நீண்டு, புழுவைக் கவ்வி, திரும்ப மடங்கிக்கொண்டது. கண்ணால் தொடர முடியாத வேகம். பெரியவள் அன்றிலிருந்து குளத்தை மூடக் கூடாது என்று சொல்லும் கட்சியில் சேர்ந்துவிட்டாள். என் கணவரும்தான்.

இறைத்திருந்தால் இதெல்லாம் போயிருக்கும். தட்டான் பறக்கும் காலம் கொஞ்சம்தான்; அதற்கு முன் இனத்தைப் பொறுத்துச் சில மாதங்களிலிருந்து சில வருடங்கள் வரை தண்ணீருக்குள்தான் அதன் வாழ்க்கை. குளத்தை மொத்தமாகக் கழுவி விடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த வருடங்கள் எல்லாம் சேர்ந்து சாக்கடைக்குப் போகின்றன.

அதனால் பாதி பாதியாகச் செய்வது என்று முடிவெடுத்தோம். ஒரு வருடம் ஒரு பாதி, இன்னொரு வருடம் மறு பாதி. காலமும் முக்கியம். வெப்பமான ஊர்களில் தவளைகள் முதல் மழையோடு முட்டையிட வரும், ஆகவே மழைக்கு முன்னால், தண்ணீர் வற்றியிருக்கும்போது வேலையை முடிக்க வேண்டும். குளிர் நாடுகளில் இருப்பவர்கள் இலையுதிர் காலத்தில் செய்வார்கள், வசந்தத்தில் முட்டை வைக்கும் நேரத்தைத் தவிர்க்க.

வெங்காயத்தாமரையை மட்டும் பாதி விட்டுவைக்கவில்லை, முழுவதும் எடுத்தோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து உலகம் முழுக்க நீர்நிலைகளை அடைத்துக் கொண்டிருக்கிற செடி அது. நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். தண்ணீருக்கு மேல் பாய் விரித்தாற்போல மூடியதும் அடியில் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாததால் உள்ளே வேறு செடி இல்லை, செடி இல்லாததால் காற்றும் இல்லை. கையால் பிடுங்குவதுதான் சுத்தமான வழி. களைக்கொல்லி அடித்தால் செடி அங்கேயே அழுகி, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். குளத்தில் இருப்பதெல்லாம் மூச்சுமுட்டிச் சாகும். பிடுங்கியதை ஓடையிலோ ஏரியிலோ வீசக் கூடாது. உலர்த்தி எருக்குழியில் போடுங்கள். விதை சேற்றில் பல வருடம் உறங்கிக் கிடக்கும், அதனால் அவ்வப்போது ஒன்றிரண்டு முளைத்துக்கொண்டே இருக்கும். பார்த்தவுடன் எடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

எடுத்த மற்ற செடியையும் சேற்றையும் உடனே அப்புறப்படுத்த வேண்டாம். கரையிலேயே, தண்ணீர் திரும்பக் குளத்துக்குள் வடியும்படி ஒரு நாள் இரண்டு நாள் குவித்து வையுங்கள். உள்ளே சிக்கிய பூச்சியும் நத்தையும் தலைப்பிரட்டையும் தானே ஊர்ந்து திரும்பிவிடும். சாயங்காலம் அந்தக் குவியலில் ஒரு வாளித் தண்ணீர் மெதுவாக ஊற்றினால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் அந்தச் சேற்றைத் தோட்டத்துக்குப் போட்டோம். அந்த வருடம் வாழை எப்படி வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். முழங்கால் வரை பூட்ஸ், நீளமான ரப்பர் கையுறை இரண்டும் வேண்டும். தேங்கிய தண்ணீரிலும் சகதியிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமி காயம் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். வேலை முடித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்காலில் கடும் வலியும் வந்தால் மருத்துவரிடம் “குளத்துச் சேற்றில் வேலை செய்தேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உடைந்த கண்ணாடியும் துருப்பிடித்த ஆணியும் எங்கள் சேற்றில் நிறையவே வந்தது, அதனால் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வருவது காற்றில்லாத சேற்றில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. எங்களுடையது போன்ற திறந்த, ஆழமில்லாத குளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும்வரை காற்று அதைக் கொண்டுபோய்விடும். ஆனால் மூடிய தொட்டி, ஆழமான குழி, பழைய கிணறு என்றால் உள்ளே இறங்கவே கூடாது, ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தவரும் போவது அங்கேதான் நடக்கிறது.

முதல் பாதிச் சேறு போன பிறகும் தண்ணீர் பச்சைக் குழம்பாகவே இருந்தது. மருந்து வாங்கி ஊற்றும்படி பலரும் சொன்னார்கள். பாசி என்பது நோயின் அடையாளம்தான்; உண்மையான நோய், தண்ணீரில் சத்து மிகுந்துபோவது. அந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். ஒன்று, குளத்தின் தலைக்கு மேல் கவிந்திருந்த மரக்கிளை. வருடம் முழுக்க இலை கொட்டியது. இன்னொன்று, பூச்செடிகளுக்குப் போடும் உரம் மழையில் கரைந்து நேராகக் குளத்துக்கு வடியும்படி தரை சரிந்திருந்தது. கிளையைக் கழித்தோம், சரிவின் குறுக்கே ஒரு சின்ன வரப்பு போட்டு நீரைத் திருப்பினோம். தண்ணீர் தெளிய ஒரு முழுப் பருவம் ஆயிற்று, மருந்து ஒரு சொட்டும் போடவில்லை.

பாசியில் ஒன்றைப் பற்றி மட்டும் பயம் வேண்டும். ஒரு குச்சியைத் தண்ணீரில் விட்டுச் சுழற்றித் தூக்குங்கள். நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தால் அது வெறும் நூல்பாசி, வாரி எடுத்துவிடலாம். குச்சியில் எதுவும் ஒட்டாமல், பச்சை பெயிண்டைக் கொட்டியது போல மேலே படர்ந்து கரையோரம் திட்டுத் திட்டாக ஒதுங்கியிருந்தால் அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் செத்திருக்கின்றன. அது அடங்கும்வரை பிள்ளைகள், நாய், மாடு எதையும் பக்கத்தில் விடக் கூடாது.

குளத்தில் மீனோ தலைப்பிரட்டையோ மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது விடியற்காலையில்தான் அதிகம் தெரியும். இரவெல்லாம் செடிகளும் மூச்சு விடும், ஆக்ஸிஜன் செலவாகும், உற்பத்தி கிடையாது. வெயில் காலத்தில் இது இன்னும் மோசம்: 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் குளத்தின் ஒரு பகுதிக்காவது மதிய நிழல் வேண்டும். அல்லி இலை பாதிப் பரப்பை மூடினால் போதும். மூன்றில் ஒரு பங்காவது திறந்த தண்ணீராக இருக்கட்டும்.

இனி கரையைப் பற்றி. இதை எழுத வேண்டும் என்று தோன்றியதே கரையால்தான்.

எங்கள் குளத்தின் நான்கு சுவரும் செங்குத்து. உள்ளே வழுவழுவென்று பூசியிருந்தார்கள். முதல் மழைக்கப்புறம் தலைப்பிரட்டைகள் கறுகறுவென்று திரிந்தன, எங்களுக்குப் பெருமை. சில வாரத்தில் முன்னங்கால் முளைத்து, வால் சுருங்க ஆரம்பித்தது. அந்தக் கட்டத்தில் தவளைக் குஞ்சுக்குச் செவுள் மறைந்து நுரையீரல் வேலை செய்யத் தொடங்கிவிடும். தண்ணீருக்கு வெளியே ஏறி உட்கார இடம் வேண்டும். வழுவழுப்பான சுவரில் ஏற முடியாமல் அவை சுற்றிச் சுற்றி வந்தன. தண்ணீரில் பிறந்த உயிர் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகுமா என்றால், சாகும். ஓர் அணில் குட்டியையும் மிதக்கக் கண்டோம். அன்றே ஒரு நீளப் பலகையில் சாக்குத் துணியைச் சுற்றி ஆணியடித்து, ஒரு முனை தண்ணீருக்குள், மறு முனை கரையில் என்று சாய்த்து வைத்தோம். சாயங்காலத்துக்குள் பலகை முழுக்க விரல் நகம் அளவு தவளைக் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. வேறு எதுவும் செய்ய நேரமில்லாதவர்கள் இந்தப் பலகையை மட்டுமாவது இன்றைக்கே வைத்துவிடுங்கள்.

அடுத்த கோடையில் ஒரு பக்கச் சுவரை ஒட்டி உள்ளே உடைகல்லும் கடினமான மண்ணும் போட்டு, மேலே கூழாங்கல்லும் சரளையும் பரப்பிச் சரிவாக்கினோம். ஒரு மீட்டர் தூரம் போனால் 20 சென்டிமீட்டர் ஆழம், அதாவது ஐந்துக்கு ஒன்று என்ற சரிவு. வீட்டு ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும் பக்கத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தோம். சிமெண்டில் செய்வதானால் புதிய சிமெண்டின் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து உயிர்களை வாட்டும். நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி அந்தக் காரத்தைப் போக்கிய பிறகே உயிர்களைச் சேர விட வேண்டும். இருக்கிற குளத்தில் அது முடியாது என்பதால்தான் நாங்கள் பூசாமல் கல்லாகவே அடுக்கினோம்.

அந்த ஒரு மீட்டர்ச் சரிவு குளத்தையே மாற்றிவிட்டது. குளத்தின் உயிர்களில் பெரும்பங்கு நடு ஆழத்தில் இல்லை, முதல் பத்து சென்டிமீட்டர் தண்ணீரில்தான் இருக்கிறது. அங்கேதான் வெயில் அடிவரை போகும், அங்கேதான் தலைப்பிரட்டை மேயும், தேனீ வந்து ஈரக் கல்லில் நின்று தண்ணீர் குடிக்கும், பட்டாம்பூச்சி சேற்றில் உப்பு உறிஞ்சும், சிட்டுகள் குளிக்கும். மனிதர்களுக்கும் அதே சரிவுதான் உதவுகிறது. கால் தவறினால் நேராக இடுப்பளவுக்குப் போகாமல் கணுக்காலோடு நிற்கலாம், உள்ளே விழுந்த பெரியவர் கல்லைப் பிடித்து நடந்தே வெளியே வரலாம். கரையோரத்தில் புதர் இல்லாமல் அடி தெரிகிறது, யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று அடுப்படியிலிருந்தே தெரிகிறது. இதை வைத்து வேலியை எடுத்துவிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது. ஆழமில்லாத கரை பெரிய பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் உதவும். தவழும், தத்தித் தத்தி நடக்கும் வயதுப் பிள்ளைக்கு அந்தப் பத்து சென்டிமீட்டரே ஆபத்து. அவனுக்கு வேலியும் நம் கண்ணும்தான்.

இதற்கிடையில் நீர்மட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஓட்டையா, வெயிலா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, குளத்தின் ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லின் மேல் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் ஒரே மட்டம் இருக்கும்படி கோடு போடுங்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியாதல். குளம் மட்டும் அதிகமாகக் குறைந்திருந்தால் கசிவு. எங்களுக்குக் கசிவுதான், சம்பு வேர் ஒரு மூலையில் சிமெண்டைப் பிளந்திருந்தது. தண்ணீர் சேர்க்க மழைநீர்தான் முதல் தேர்வு. குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த தொட்டியில் ஒரு நாள் விட்டுக் குளோரின் போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

கொசு. குளம் என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி, டெங்குவும் மலேரியாவும் விளையாட்டு இல்லை. மண்ணெண்ணெய் ஊற்று என்பது பழைய வைத்தியம். அது கொசுப்புழுவோடு, மேலே வந்து மூச்சு வாங்கும் எல்லாப் பூச்சியையும் கொன்றுவிடும். அதாவது கொசுவைத் தின்னும் பூச்சியையும். பிறகு கொசு மட்டும் திரும்பி வரும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வெப்பமான காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் எதிரிகளுக்கு மாதக்கணக்கு ஆகும்.

அடுத்தது மீன் விடு என்பார்கள். கப்பி, கம்பூசியா. கம்பூசியாவைக் கொசு ஒழிக்க என்று ஊர் ஊராக, நாடு நாடாகக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் அந்த மீன் இருக்கிறது. தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு எல்லாவற்றையும் அது தின்னும். வெறும் சிமெண்ட் தொட்டிக்கு மீன் சரி. உயிர்கள் வாழ வேண்டிய குளத்துக்கு மீன் வேண்டாம் என்பது என் முடிவு. எங்கள் குளத்தில் தட்டான் குஞ்சும் மல்லாக்க நீந்தும் பூச்சியும் நீர்வண்டும் அந்த வேலையைப் பார்க்கின்றன. சல்லடையில் அள்ளிப் பார்க்கும்போது கொசுப்புழு கிடைப்பதே அபூர்வம். தண்ணீரில் வேட்டைப்பூச்சியின் வாடை இருந்தால் சில வகைக் கொசு முட்டையிடாமலே போய்விடும் என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம். முதல் சில மாதம், குளம் புதிதாகத் தேறும்வரை, பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் பயன்படுத்தினோம். 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டெடுத்த பாக்டீரியா அது. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் கெட்டுச் சாகும். தவளைக்கும் தட்டானுக்கும் தீங்கில்லை. கூட்டுப்புழுப் பருவத்தில் கொசு எதையும் தின்னாது, அதனால் புழுவாக இருக்கும்போதே போட வேண்டும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தை அவ்வளவாகத் தேடுவதில்லை. அதற்குப் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், சிரட்டை, மூடாத டிரம் போதும். எங்கள் தோட்டத்திலிருந்த அந்த மாதிரிச் சாமான்களை எடுத்துப்போட்ட பிறகுதான் வீட்டுக்குள் கொசு குறைந்தது.

உயிர்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விடாதீர்கள். வேறு குளத்து முட்டையும் தண்ணீரும் வந்தால் கூடவே நோயும் வரும். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சையால் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்கள் சரிந்திருக்கின்றன, அதில் 90 இனம் அழிந்திருக்கக்கூடும் என்று 2019-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பூட்ஸையும் சல்லடையையும் வேறு குளத்தில் பயன்படுத்தியிருந்தால் கழுவி, முழுவதும் காயவிட்டே கொண்டுவாருங்கள். தண்ணீரும் கரையும் சரியாக இருந்தால் வர வேண்டியவை தானே வரும். இரண்டாவது மழையில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையில் வெள்ளை நுரை உருண்டை ஒன்று தொங்கியது. யாரோ துப்பி வைத்திருக்கிறார்கள் என்று பெரியவள் முகம் சுளித்தாள். அது மரத்தவளையின் கூடு. உள்ளே முட்டை பொரிந்து, நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகக் குளத்தில் விழுந்ததை அத்தையும் அவளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

தவளை வந்தால் பாம்பும் வரும். தண்ணீர்ப்பாம்புக்கு விஷம் இல்லை, சீண்டினால் கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் தவளையைத் தேடி நல்லபாம்பும் வரலாம். வீட்டிலிருந்து குளம்வரை உள்ள வழியைப் புல் இல்லாமல் வைத்திருக்கிறோம். இருட்டில் டார்ச் இல்லாமல் போவதில்லை. கல் இடுக்கில் கை விடுவதில்லை. கல் குவியலும் விறகும் குளத்தின் மறுபக்கம், வீட்டுக்குத் தூரத்தில். பாம்பு வந்தால் அடிப்பதில்லை, பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுகிறோம்.

பம்பு, விளக்கு எதுவும் நாங்கள் வைக்கவில்லை. வைக்கிறவர்கள் 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுமின் தடுப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் மின்சாரத்தைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கையைத் தண்ணீருக்குள் விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இப்போது வீட்டில் உள்ள ஏற்பாடு இதுதான். கதவுக்குள் போவதென்றால் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும், பெரியவளுக்கும் சேர்த்துத்தான். உறவினர் கூட்டமாக வரும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். எல்லோரும் இருக்கிறார்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அன்றைக்குக் கதவில் பூட்டு. யார் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று பேர் சொல்லி ஒப்படைக்கிறோம், அவர் கையில் போன் இருக்காது. பிள்ளையைக் காணோம் என்றால் வீட்டுக்குள் தேடுவதற்கு முன் முதலில் குளத்துக்கு ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். நானும் என் கணவரும் முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வந்தோம். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தவறு, பொன்னான நேரம் அதில் போகிறது. மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே நின்றுபோனது மூச்சு. அப்புறம் 30 தடவை நெஞ்சை அழுத்துவது, 2 மூச்சு, மறுபடி 30. யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியே ஆக வேண்டும். இதைப் படித்தால் மட்டும் போதாது, பொம்மையின் மேல் கை வைத்துப் பழகினால்தான் அந்த நேரத்தில் கை ஓடும்.

வாரம் ஒரு தடவை கதவின் ஸ்பிரிங்கும் கொண்டியும் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறேன், துரு பிடித்தால் எண்ணெய். விழுந்த இலையைப் பெரியவளும் நானும் வலையால் வாருகிறோம். சின்னவன் வேலிக்கு வெளியே நின்று கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு “தவளே, தவளே” என்று எல்லாப் பூச்சியையும் கூப்பிடுகிறான். இந்தக் கோடையில் மறு பாதிச் சேற்றை எடுக்க வேண்டும், அந்த மூலைச் சம்பை வேரோடு தோண்டிவிட்டு விரிசலைப் பூச வேண்டும். அத்தை மழைக்கு முன்னால் முடிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.